எங்கே தொடங்கியது என்று தெரியாத புற்றுநோய்: அம்மாவுக்கு நாம் என்ன செய்யலாம்?



இரண்டு ஆண்டுகளுக்கு முன் குலசேகரன்பட்டினத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு உறுப்பினர் மூன்று மாதமாக உள்கடன் தவணை கட்டவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. "இவளாலதான் நம்ம குழுவுக்குக் கெட்ட பேரு" என்று பேச்சு. நாங்களும் 'தவணை தவறியவர்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"எக்கா, அம்மாவுக்கு ஈரல்ல கேன்சராம். ஆனா அது எங்கெ ஆரம்பிச்சதுன்னே தெரியலையாம். அதுவே தெரியலன்னா எப்படி வைத்தியம் பாக்கது?"

மூன்று ஊர்களில் ஸ்கேன் எடுத்திருந்தார். கம்மலும் சங்கிலியும் அடகில். நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது தவணையை அல்ல என்று அன்று வெட்கப்பட்டோம். அவர் கேட்ட கேள்விக்கு, பிறகு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஈரலில் இருந்தால் ஈரல் புற்றுநோய்தானே?

அப்படி இல்லை. புற்றுநோய் ஒரு உறுப்பில் தொடங்கி, இரத்தம், நிணநீர் வழியாக ஈரல், நுரையீரல், எலும்பு, நெறிக்கட்டு என்று பரவும். பரவிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது. தொடங்கிய இடம் எல்லாச் சோதனைக்குப் பிறகும் தெரியவில்லை என்றால், 'முதலிடம் அறியப்படாத புற்றுநோய்' என்கிறார்கள். உலக அளவில் 100 புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு இப்படி ஆகிறது. டாக்டருக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை.

நம் முற்றத்தில் ஒரு உடைமரம் முளைக்கிறது. ஆடு எங்கேயோ நெற்றைத் தின்றுவிட்டு வந்து விதையைப் போட்டிருக்கும். தாய்மரத்தை யாராவது விறகுக்கு வெட்டியிருக்கலாம், புதருக்குள் மறைந்தும் நிற்கலாம். இதுவும் அப்படித்தான். தொடங்கிய கட்டி ஸ்கேனில் தெரியாத அளவு சிறிதாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை அழித்தும் இருக்கலாம்.

பிறகு எப்படி வைத்தியம்?

தாய்மரம் தெரியாவிட்டாலும் இலையைப் பார்த்து என்ன மரம் என்று சொல்கிறோம் அல்லவா? அதுபோல, கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்து (பயாப்சி), சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்து, அது எந்த வகைச் செல் என்று கணிக்கிறார்கள். அதை வைத்து மருந்தை முடிவு செய்கிறார்கள். உதாரணமாக, ஒரு பெண்ணுக்கு அக்குளில் மட்டும் ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டி இருந்தால், மார்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையே தருவார்கள். அதில் நல்ல பலனும் கிடைக்கிறது. ஆனால் ஈரல், எலும்பு என்று பல இடங்களில் பரவியிருந்தால் முழுக் குணம் அரிது. நோயைக் கட்டுப்படுத்துவதும் வலியில்லாமல் வைத்திருப்பதுமே நோக்கமாக இருக்கும்.

இன்னும் தேடிக்கொண்டே போகலாமா?

அடுத்த ஸ்கேனுக்கு நகையை அடகு வைக்கும் முன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "சார், இந்தச் சோதனை முடிவால் வைத்தியம் மாறுமா?" மாறும் என்றால் எடுங்கள். மாறாது என்றால் அந்தப் பணம் அம்மாவின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். "இந்தச் சிகிச்சை குணமாக்கவா, கட்டுப்படுத்தவா, வலியைக் குறைக்கவா?" என்றும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

வேறு மருத்துவமனைக்குப் போனால் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே பையில் கொண்டு போங்கள். பயாப்சி எடுத்த இடத்தில் 'பிளாக்', 'ஸ்லைடு' இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பல சமயம் மறுபடி ஊசி குத்தி எடுக்காமல் அதிலேயே பார்த்துவிடலாம்.

பணத்துக்கு

கந்துவட்டிக்குப் போகாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீசில் பதியலாம். விவரத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் பார்க்கும்போது

• புற்றுநோய் ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து அம்மாவை ஒதுக்காதீர்கள்.

• கீமோ ஊசி போட்ட நாட்களில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

• ஒரே தடவையில் சாப்பிட முடியாது. கஞ்சி, முட்டை, வேகவைத்த மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாக, சூடாகச் செய்து கொடுங்கள்.

• வலியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. மார்பின் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் பயம் இல்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

• 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொள்வது நம் ஊர் வழக்கம். தசராவுக்கு வேஷம் கட்டுங்கள், காணிக்கை எடுங்கள். ஆனால் "தசரா முடியட்டும்" என்று ஊசித் தேதியைத் தள்ளாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லலாமா?

அந்தச் சகோதரி சொல்லாமலே மறைத்து வந்தார். ஒரு நாள் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே அம்மாவே கேட்டாராம்: "எனக்குத் தெரியாமலாட்டி இருக்கு? நீயா சொல்லுவியான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்." அதன் பிறகுதான் இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று அம்மாவே சொன்னார். யார் யார் பெட்டிக்குப் பாக்கி தர வேண்டும் என்பதையும் சொன்னார்!

"நான் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா..." என்று அவர் இன்றும் சொல்வார். அம்மா அவ்வளவு நாள் ஒன்றும் இல்லாமல்தானே இருந்தார்? பெரும்பாலும் பரவிய பிறகுதான் இந்த நோய் தெரிய வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியே தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான். அந்தத் துயரம்தான் 1954-இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. டாக்டர் வீட்டிலேயே அப்படி என்றால், நம்மை நாமே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டுமா?

குழு என்ன செய்தது?

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். தவணை ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. ஆஸ்பத்திரி நாட்களில் முறை வைத்து ஒருவர் கூடப் போனார், ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வாரம் ஒரு மதியம் ஒருவர் அம்மாவோடு இருந்தார், அந்தச் சகோதரி தூங்கினார். பார்ப்பவருக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா?

அம்மா பதினொரு மாதம் இருந்தார். கடைசி நாட்களில் பெரிய வலி இல்லை, தன் வீட்டுத் திண்ணையில் இருந்தார். நோய் எங்கே தொடங்கியது என்று கடைசி வரை தெரியவில்லை. மகள் அதைக் கேட்பதையும் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள். கூட்டத்துக்கு வராத உறுப்பினர் யாராவது இருந்தால், பாக்கி எவ்வளவு என்று கேட்கும் முன், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டு வாருங்கள்.