பக்கத்தில் உட்கார ஒருவர்

திரைக்குப் பின்னால் – 12

2003-ஆம் ஆண்டின் தொடக்கம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்தித்தார். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் தலைவர் ஒரு மாநகராட்சியின் படியேறியதற்குக் காரணம், அந்த மாநகராட்சியிடம் இருந்த சுமார் 14,000 கணினிகள்.

அந்தக் கணினிகளில் விண்டோஸ் என்.டி. 4 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு முடிவுக்கு வரப்போகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. ஆதரவு நின்றால் பாதுகாப்பு அப்டேட் வராது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை எதுவும் அடைபடாது. கணினிகள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் நகராட்சியிடம் இல்லை. விலையைக் குறைத்துத் தருவதாக மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. ஆனாலும் 2003 மே மாதம் நகர மன்றம் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறுவது என்று முடிவெடுத்தது.

இருபது வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதன் பிறகும் விண்டோஸிலேயே தொடர வேண்டுமானால் விண்டோஸ் 11-க்குத்தான் போக வேண்டும். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2016-இல் வாங்கிய மடிக்கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. மியூனிக் நகர மன்றம் அன்று யோசித்த கேள்வி, இன்று நம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது.

போன வாரம் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த கதையையும், ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருவை வெளியிட்ட கதையையும் பார்த்தோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் ஸ்டால்மன் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொன்னாலே விஷயம் முடிந்தது. எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், படியெடுத்து அடுத்தவருக்குத் தரலாம், மாற்றி எழுதி வெளியிடலாம். இந்த நான்கு உரிமைகளும் அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் உண்டு.

தனியுரிமை மென்பொருளில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மென்பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. விண்டோஸ் உரிம ஒப்பந்தம் இதை மறைக்கவில்லை. மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமம்தான் வழங்கப்படுகிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வாடகை வீடு வசதியாக இருக்கலாம். குழாய் உடைந்தால் வீட்டுக்காரர் வந்து சரிசெய்தும் தரலாம். ஆனால், எப்போது காலி செய்ய வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார்.

அப்படியானால் எல்லோரும் சொந்த வீட்டுக்குப் போய்விடலாமே? மியூனிக் அதைத்தான் செய்தது. போனவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பியும் வந்தார்கள். நமக்கான பாடம் அந்தத் திரும்பலில் இருக்கிறது.

'லிமுக்ஸ்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். மென்பொருளை மாற்றியது அதில் எளிய பகுதி. ஒவ்வொரு துறையும் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான கடித மாதிரிகளும் படிவங்களும் மேக்ரோக்களும்தான் பெரும் வேலையாக இருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தவே 'வோல்முக்ஸ்' என்று ஒரு மென்பொருளைத் தாங்களே எழுதி, அதையும் கட்டற்றதாக வெளியிட்டார்கள். 2013 இறுதிக்குள் சுமார் 15,000 கணினிகள் மாறியிருந்தன. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சி கணக்குக் காட்டியது.

இவ்வளவுக்குப் பிறகும் ஊழியர்களின் முணுமுணுப்பு ஓயவில்லை. வெளியிலிருந்து வரும் வேர்டு கோப்புகளில் வரிகள் இடம் மாறித் தெரிந்தன. விண்டோஸில் மட்டுமே ஓடும் சில சிறப்பு மென்பொருள்களுக்காகத் தனிக் கணினிகள் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது என்பதிலும் குழப்பம். நகராட்சியின் கணினி நிர்வாகம் பல துறைகளிலும் தனித்தனிப் பிரிவுகளாகச் சிதறிக் கிடந்தது. 2016-இல் நகராட்சிக்காகத் தயாரிக்கப்பட்ட ஆய்வறிக்கையும் இந்த நிர்வாகச் சிதறலைப் பெருங்குறையாகச் சுட்டியது. ஆனால், பழி இயங்குதளத்தின் மேல்தான் விழுந்தது. அதற்குள் மேயரும் மாறியிருந்தார். 2017 நவம்பரில் விண்டோஸுக்குத் திரும்புவது என்று நகர மன்றம் வாக்களித்தது. 2020-இல் பொறுப்பேற்ற புதிய கூட்டணியோ, இயன்ற இடத்திலெல்லாம் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று மீண்டும் ஒப்பந்தம் செய்தது. அதே ஜெர்மனியின் வட மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், அரசின் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கும் பிறகு லினக்ஸுக்கும் மாற்றுவதாக 2024-இல் அறிவித்து, வேலையில் இறங்கியிருக்கிறது.

மியூனிக்கில் மென்பொருள் கிடைத்தது, பணம் மிஞ்சியது, உரிமையும் கைக்கு வந்தது. தடுமாறும் ஊழியரின் பக்கத்தில் போய் உட்கார ஆள் மட்டும் போதவில்லை.

அந்த ஆளை முதலில் உருவாக்கிய மாநிலம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கேரளம் 2001-இல் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில்தான் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். பள்ளித் திட்டமோ விண்டோஸில்தான் ஆரம்பித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒரே நிறுவனத்தின் பொருளை மட்டும் ஏன் பழக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கத்தினரும் ஆர்வலர்களும் கேட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் உயர்நிலைப் பள்ளிகளின் கணினிப் பாடம் முழுக்க குனு/லினக்ஸுக்கு மாறியது. பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள்.

இதை அவர்கள் செய்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆசிரியரை ஐ.டி. ஒருங்கிணைப்பாளராக்கினார்கள். அவர் கணிதமோ அறிவியலோ நடத்தும் சாதாரண ஆசிரியர்தான். அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; அவர் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, படம் வரைய ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று பாடப்புத்தகமே கட்டற்ற மென்பொருள்களை வைத்து எழுதப்பட்டது. அதுவும் மலையாளத்தில். பள்ளிகளுக்குத் தேவையான லினக்ஸைத் தாங்களே தொகுத்தார்கள். 2017-இல் இந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. அடுத்த ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் பள்ளிகளில் தொடங்கின. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகக் கணினிகளைப் பராமரிப்பதில் கைகொடுக்கிறார்கள்.

2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பை அனுப்பியபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் சொன்னது. அதிலிருக்கும் வசதிகளையெல்லாம் விலைக்கு வாங்கினால் கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. எந்தப் பள்ளியும் அவ்வளவு கொடுத்து வாங்கியிருக்காது. ஆகவே இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணினி நின்றுபோனால் "டீச்சர், நான் பார்க்கட்டுமா?" என்று கேட்கும் பதிமூன்று வயதுப் பிள்ளைதான் என் கண்ணுக்குப் பெரிய சேமிப்பு.

நம் கதைக்கு வருவோம். கேரளத்துக்கு நாம் வெகுவாகப் பிந்தியவர்கள் இல்லை. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் இருந்தபோது, 2006-07 வாக்கிலேயே அங்கே லினக்ஸுக்கு மாறும் வேலை நடந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியது சென்னையில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. கணினியைத் திறந்ததும் இரண்டு பெயர்கள் திரையில் வரும். எது வேண்டுமோ அதற்குள் போகலாம்.

அந்த மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் பலரிடம் கேட்டிருக்கிறேன். "அந்த இன்னொண்ணு எதுக்குன்னு யாருமே சொல்லலை சார்" என்றே பெரும்பாலும் பதில் வந்தது. இடத்தை அடைக்கிறது என்று கடையில் கொடுத்து அழித்தவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உள்ளே போனால் பாட்டுக் கேட்கலாம், படம் வரையலாம், நிரல் எழுதலாம், எல்லாவற்றையும் நண்பனுக்கும் படியெடுத்துத் தரலாம் என்று சொல்ல அவர்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான்கு உரிமைகளும் ஒரு பட்டியலில் கேட்பாரற்றுக் கிடந்தன.

இதை எனக்கு உறைக்க வைத்தவர் தேனியில் இருக்கும் என் அக்கா. வீட்டில் டியூஷன் எடுக்கிறார். வினாத்தாள் தயாரிப்பது, யூடியூப் பாடம் போட்டுக் காட்டுவது, மின்கட்டணம் கட்டுவது ஆகியவைதான் அவருடைய கணினி வேலை. ஒன்பது வருடப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்தேன். நாலைந்து நிமிடம் எடுத்த கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்தது. அக்கா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்: "நல்லாத்தான்டா இருக்கு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இங்க யாருகிட்ட கேக்குறது?"

விண்டோஸில் ஏதாவது ஆனால் தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பையனுக்குத் தெரியும். தனியுரிமை மென்பொருளின் பலம் அதன் தரத்தில் மட்டும் இல்லை, ஊரெங்கும் இருக்கும் இந்த ஆட்களிடமும் இருக்கிறது. ஒரு நாள் தங்கிவிட்டுக் கிளம்புவதாக இருந்த நான் பயணத்தைத் தள்ளிப்போட்டு இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தமிழ்99 விசைப்பலகையை எப்படி மாற்றுவது, பென்டிரைவை எப்படிக் கழற்றுவது, அப்டேட் வந்தால் எங்கே அழுத்துவது என்று அவரே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஸ்கேனர் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அதற்கு இன்றுவரை கைப்பேசியைத்தான் பயன்படுத்துகிறார்.

அப்படியென்றால் யார் மாறலாம்? உங்கள் வேலை இணையம், மின்னஞ்சல், கடிதம், கணக்கு அட்டவணை, வீடியோ என்று இருந்தால் தாராளமாக மாறலாம். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், வி.எல்.சி. எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. டேலியில் கணக்கு எழுதும் கடை, பேஜ்மேக்கரிலும் போட்டோஷாப்பிலும் வேலை செய்யும் டி.டி.பி. சென்டர், ஆட்டோகேட் வரையும் பொறியாளர் ஆகியோர் இப்போதைக்கு விண்டோஸிலேயே இருப்பதுதான் சரி. பிழைப்பு நடத்தும் கருவியைக் கொள்கைக்காகக் கீழே வைக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

மாற நினைப்பவர்கள் முதலில் நிறுவ வேண்டாம், பார்த்தால் போதும். மின்ட் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, 8 ஜி.பி. பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென்டிரைவை உருவிவிடலாம். பிடித்திருந்தால் புகைப்படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்துக்கொண்டு பிறகு நிறுவுங்கள். 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கண்கூடாகத் தெரியும்.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நண்பரின் கணினியில் அரை மணி நேரத்தில் நிறுவிக் கொடுத்துவிட்டு எழுந்து வராதீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பக்கத்தில் உட்காருங்கள். மௌஸை அவர் கையிலேயே விடுங்கள். உரிமத்தில் எழுதியிருக்கும் நான்கு உரிமைகளும் ஒரு மனிதரின் கைப்பழக்கமாக மாறுவது அந்த இரண்டு ஞாயிறுகளில்தான்.

போன மாதம் தேனிக்குப் போயிருந்தேன். அக்கா மடிக்கணினி முன்னால் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தார். மேல்வீட்டுப் பெண் தட்டச்சு செய்துகொண்டிருக்க, அக்காவின் அந்த நோட்டு இருவருக்கும் நடுவில் விரிந்து கிடந்தது.

(அடுத்த வாரம்: ஒரே தமிழுக்கு ஏன் இத்தனை எழுத்துருக் குறியீடுகள் வந்தன? டி.டி.பி. சென்டர்களிலிருந்து யுனிகோடு வரை.)