உருளையைக் கடக்கும் காற்று

கணினிவழிப் பாய்மவியலில் இறங்குவோர் பலர் முதல் நாளிலேயே வானூர்தி இறக்கையை மென்பொருளிடம் ஒப்படைக்கின்றனர். நான் பரிந்துரைப்பது காற்றோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும், ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள எளிய உருளை. அதன் இயல்பு ஆய்வகங்களில் நெடுங்காலமாக அளக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் தவறினால் நமக்குத் தெரிந்துவிடும்.

கணினியைத் தொடுமுன் தாளில் கணக்கிடுக. காற்றின் வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டர் எனில், நிலைமத்துக்கும் பாகுமைக்கும் உள்ள விகிதமாகிய ரெனால்ட்சு எண் ஏறத்தாழ 100. அந்நிலையில் உருளையின் பின்னே சுழல்கள் மேலும் கீழுமாக மாறிமாறிக் கழன்று செல்லும். அவற்றின் அதிர்வைக் குறிக்கும் சுட்ரூகால் எண் ஏறத்தாழ 0.165, அதை வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் நொடிக்கு இரண்டரைச் சுழற்சி. கொந்தளிப்பு இன்னும் தோன்றாத ஓட்டம் இது. ஆதலின் கொந்தளிப்பு மாதிரிகளின் ஐயப்பாடுகள் குறுக்கிடா. இரண்டரை என்னும் அவ்வெண்ணோடுதான் மென்பொருளைத் திறக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வடிவம் சமச்சீரானது என்று மேற்பாதியை மட்டும் வரைந்து, நடுக்கோட்டைச் சமச்சீர் எல்லையாக்கி, உழைப்பைப் பாதியாக்கத் தோன்றும். கணக்கு இடரின்றி முடியும். சமன்பாடுகளில் தீராமல் எஞ்சும் எச்சங்கள் சீராகச் சரியும். படமும் கண்ணைக் கவரும். ஆனால் ஒரு சுழலும் கழன்றிராது! மேலும் கீழும் அலைய வேண்டிய ஓட்டம் நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். அவ்வழியை நாமே அடைத்துவிட்டோம். வடிவத்தின் சமச்சீர் வேறு, ஓட்டத்தின் சமச்சீர் வேறு. இதைக் கண்ணாரக் கண்டவர் பின்னர் எந்தச் சமச்சீர் எல்லையையும் எளிதில் நம்பார். காற்று வரும் பக்கத்து மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் முதல்வரிசை முறையும் இத்தீங்கிற்கு உறவே. இல்லாத பாகுமையைப் புகுத்திச் சுழல்களை மழுக்கிவிடும்.

பக்க எல்லைகள் உருளையை நெருங்கினால் சுழற்சி விரைந்துவிடும். தாராளமாக இடம் விடுக. கால அடியைப் பொறுத்தவரை, குரான்ட், பிரீட்ரிக்சு, லெவி மூவரும் 1928-இல் காட்டிய வரம்பு நல்ல வழிகாட்டி: ஓரடியில் ஓட்டம், கணக்குக்காக வெளியைப் பகுக்கும் வலையின் ஒரு கண்ணைத் தாண்டலாகாது. வலைக்கண் 0.2 மில்லிமீட்டர் எனில் கால அடி ஆயிரத்தில் ஒரு நொடியை ஒட்டியே அமையும்.

எச்சம் சரிந்தது என்பதால் விடை சரி என்றாகாது. அந்த வலையின் சமன்பாடுகள் தீர்ந்தன என்பதே அதன் பொருள். வலையைச் சோதிக்கும் வழியை இலூயிசு ரிச்சர்டுசன் 1911-ஆம் ஆண்டுக் கட்டுரையில் தந்தார். இரண்டாம்வரிசை முறையில் வலைக்கண்ணின் அகலத்தைப் பாதியாக்கினால் பிழை காற்பங்காகும். இரு வலைகளின் விடைகளுக்கிடையேயான வேறுபாட்டில் மூன்றிலொரு பங்கே நுண்வலையில் எஞ்சிய பிழை. பிழை உண்மையில் அவ்வாறு குறைகிறதா என்றறிய மூன்றாம் வலையும் வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, ஆயினும் தவிர்க்கலாகாது.

அதே ரிச்சர்டுசன், 1910 மே 20-இன் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அழுத்தம் ஏறத்தாழ அசையவேயில்லை. அவர் அத்தோல்வியை மறைக்காமல், தொடக்க அளவுகளையும் கணக்கீட்டு அட்டவணைகளையும் 1922-இல் நூலாக வெளியிட்டார். பல பத்தாண்டுகளுக்குப் பின் பீட்டர் லிஞ்சு அவ்வளவுகளைக் கொண்டே கணக்கை மீண்டும் நடத்தினார். தொடக்க நிலையில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாதிருந்ததே பிழை என்று காட்டினார். அதைச் சீராக்கியபோது ஏற்கத்தக்க விடை கிடைத்தது. உங்கள் கோப்புறையிலும் வலை, எல்லை நிலைகள், தொடக்க நிலை, மென்பொருட் பதிப்பு ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.