புலிக்கு வீடு மாற்றுவது எப்படி?

பெரிய புலி ஒன்று. அதை ஒரு கூண்டிலிருந்து பக்கத்துக் கூண்டுக்கு மாற்ற வேண்டும். அந்த வேலையை உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள் குட்டீஸ்? கயிறு கட்டி இழுப்பீர்களா? கம்பால் தட்டித் துரத்துவீர்களா? மயக்க ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போவீர்களா?

மூன்றும் வேண்டாம்! கதவைத் திறந்து வைத்துவிட்டு, புலி தானாக நடந்து போகும் வரை காத்திருக்க வேண்டும். உயிரியல் பூங்கா ஊழியர்களுக்குத் தெரிந்த பெரிய வித்தையே இந்தக் காத்திருப்புதான்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போனால், புலி உலாவும் திறந்தவெளியையும், அது நம் பக்கம் தாவிவிடாதபடி தோண்டிய அகழியையும் பார்க்கலாம். நம் கண்ணில் படாத இடம் ஒன்றும் உண்டு. பின்பக்கத்தில் இரவு அறைகள் இருக்கின்றன. புலி சாப்பிடுவதும் தூங்குவதும் அங்கேதான். அறைக்கும் திறந்தவெளிக்கும் நடுவில் ஓர் இழுப்புக் கதவு. ஊழியர் பத்திரமான இடத்தில் நின்றபடியே அதை இழுத்துத் திறப்பார், மூடுவார். புலி இருக்கும் பக்கம் அவர் காலே வைப்பதில்லை. காலையில் புலி வெளியே போனதும் கதவைப் பூட்டிவிட்டு அறையைக் கழுவுவார். மாலையில் அறைக்குள் இறைச்சியை வைத்துவிட்டுக் கதவைத் திறப்பார். புலி உள்ளே வந்துவிடும். இப்போது வெளிப்பக்கம் காலி. அங்கே புல் வெட்டலாம், தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்கலாம். ஆனால் அதற்கு முன் எத்தனை புலி உள்ளே வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்திருந்தால் என்ன ஆகும்? நினைத்தாலே நடுங்குகிறது!

எண்ணிக்கை குறைந்த சம்பவம் உண்மையிலேயே நடந்திருக்கிறது. பெங்களூரு பன்னார்கட்டா பூங்காவிலிருந்து 2023-ல் வண்டலூருக்கு வந்த சிங்கம் ஷெர்யார். 2025 அக்டோபரில் அதை, வண்டியில் போய்ப் பார்க்கும் 'சஃபாரி' காட்டுப் பகுதியில் திறந்துவிட்டார்கள். மாலையில் மற்ற சிங்கங்கள் சாப்பிட வந்துவிட்டன. ஷெர்யாரைக் காணோம்! ட்ரோன் பறக்கவிட்டார்கள், கேமரா வைத்தார்கள், கால் தடம் தேடினார்கள். சுற்றிலும் வேலி இருந்ததால் அது ஊருக்குள் போக வழியில்லை. ஓரிரு நாளில் தானாகவே இருப்பிடத்துக்குத் திரும்பியது. அந்த இடம் ஷெர்யாருக்குப் புதிது. தினமும் மாலையில் வீடு திரும்பும் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடுமா என்ன?

இந்தப் பூங்காவே இரண்டு முறை வீடு மாறியது தெரியுமா? மயிலாப்பூரிலோ தி.நகரிலோ வளர்ந்த தாத்தா, பாட்டி யாரையாவது 'உயிர் காலேஜ்' எங்கே இருந்தது என்று கேளுங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலைக்குத்தான் அந்தப் பெயர். எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. பாடம் செய்த விலங்குகள் அங்கே இருக்கின்றன அல்லவா! அந்தச் செத்த காலேஜ் வளாகத்தில்தான் 1855-ல் உயிர் காலேஜும் பிறந்தது. தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர். 1860-களில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. நூறு ஆண்டுகளுக்குமேல் அங்கேயே இருந்தது. ஊர் வளர வளர இடம் நெருக்கடியானது; வண்டிச் சத்தமும் புகையும் சேர்ந்துகொண்டன. 1979-ல் வண்டலூர் காட்டில் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்து வைத்தார்.

பக்கத்து அறைக்குப் போவது சரி. வேறு ஊருக்கு லாரியில் போக வேண்டுமென்றால்? அதற்கும் காத்திருப்புதான்! பயணக் கூண்டைக் கொண்டுவந்து இரவு அறையின் வாசலோடு ஒட்டி வைப்பார்கள். முதலில் விலங்கு அதை முறைத்துப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும், கிட்டேயே வராது. தினமும் சாப்பாட்டைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பிறகு கூண்டின் வாசலில், பிறகு உள்ளே. கூண்டுக்குள் போய்ச் சாப்பிட்டு வருவது பழகிய பிறகு, ஒருநாள் மெதுவாகக் கதவை மூடுவார்கள். இதற்குப் பல நாட்கள் ஆகலாம். மயக்க ஊசி போட்டால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். ஆனால் மருந்து கொஞ்சம் கூடினாலும் மூச்சுக்கு ஆபத்து. அதனால் வேறு வழியே இல்லாதபோதுதான் ஊசி. புது ஊரில் இறங்கியதும் நேரே மற்ற விலங்குகளோடு சேர்த்துவிட மாட்டார்கள். நோய் ஏதும் இல்லை என்று தெரியும் வரை தனி அறை.

மான்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கிண்டி தேசியப் பூங்காவில் துள்ளி ஓடும் புள்ளிமான், வெளிமான் எல்லாமே ரொம்பப் பயந்த சுபாவம். துரத்திப் பிடித்தால், ஓடிய களைப்பிலும் பயத்திலும் தசைகள் சிதைந்து, காயமே இல்லாமல் செத்துப்போகலாம். அதனால் மான்களைப் பிடிக்க 'போமா' என்ற ஆப்பிரிக்க முறையை நம் நாட்டிலும் பயன்படுத்துகிறார்கள். புனல் வடிவத்தில் இரண்டு பக்கமும் உயரமாகத் திரை கட்டி, மான்களை மெல்ல உள்ளே நடக்க விடுவார்கள். புனல் குறுகிக்கொண்டே போய் லாரியில் முடியும். திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று மானுக்குத் தெரியாது. சுவர் என்று நினைத்து முட்டாமல் போய்விடும்.

பாம்புக்குச் சாப்பாட்டு ஆசை காட்டினால் நடக்காது. ஒருமுறை இரை தின்றால் பல நாள் பட்டினி கிடக்கும் அல்லவா! பாம்புக்குப் பிடித்தது ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், பாம்பு விஷம் எடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே பாம்புகளின் வீடு மண்பானை. வாயைத் துணியால் கட்டிவிட்டால் பாம்பு நிம்மதியாகச் சுருண்டுகொள்ளும்.

பக்கத்திலேயே சென்னை முதலைப் பண்ணை. கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர்தான் 1976-ல் இதையும் உருவாக்கினார். முதலைகள் பெருகிப் பெருகி, இருக்க இடமில்லாமல் போனது. ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி கிடைத்து, 2022-ல் அவை பயணம் புறப்பட்டன. பெரிய முதலையை இடம் மாற்றும்போது கண்ணைத் துணியால் மூடுவார்கள், அடங்கிவிடும். அப்புறம் வாயைக் கட்டுவார்கள். கடிக்கும்போது அவ்வளவு பலம் காட்டும் தாடைக்கு, வாயைத் திறக்கும் பலம் மிகக் குறைவு. ஒரு ஒட்டு நாடா போதும்!

அடுத்தமுறை வண்டலூருக்குப் போனால், மாலையில் கொஞ்ச நேரம் புலிக் கூண்டின் முன்னால் நில்லுங்கள். பின்பக்கக் கதவருகே புலி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள். பூங்காவுக்கு அன்று விடுமுறை!