குர்பான் ஆட்டின் ரோமமும் ஒரு நிஃமத்தே!

ஹஜ்ஜுப் பெருநாளில் இறைச்சியைப் பங்கிட்டபின் தோலை என்ன செய்கிறோம்?

மொரோக்கோவின் அட்லஸ் மலைக் கிராமப் பெண்கள் செம்மறியின் ரோமத்தையும் வீணாக்குவதில்லை. கழுவி நூற்று, விரிப்பும் கம்பளி அங்கியும் நெய்கிறார்கள்.

கழுவுவதில்தான் பக்குவம் இருக்கிறது. முதலில் சாணம் படிந்த ஓரங்களையும் முட்களையும் கையால் நீக்க வேண்டும். ரோமத்தில் ஊறிய கொழுப்பு சுமார் 40 பாகைச் சூட்டில்தான் உருகும். குளிர்நீருக்கு அது அசையாது. எனவே சவர்க்காரம் கரைத்த, 60 பாகையளவு சூடான நீரில் அமிழ்த்தி, 20 நிமிடம் தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால், முறுக்கினால் இழைகள் பின்னிக் கட்டியாகிவிடும். பிறகு நூற்க முடியாது. நீர் ஆறினாலோ கொழுப்பு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆறுமுன் எடுத்து, அதே சூட்டு நீரில் இருமுறை அலசி, நிழலில் உலர்த்தி, சீப்பால் வாரினால் நூற்கத் தயார்.

ஸூரா அந்நஹ்லின் 80ஆம் வசனம் ரோமத்தையும் தோலையும் அல்லாஹ்வின் அருள்களாக எண்ணிக் காட்டுகிறது. நம் நாட்டு வெள்ளாட்டில் நூற்கும் ரோமம் இல்லை, தோல் இருக்கிறதே! அதை விற்கவோ, அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கவோ கூடாதென்று அறிந்திருக்கிறோம். அப்படியானால் குப்பையில் எறிய மட்டும் யார் அனுமதி தந்தார்?

பதனிட்டுப் பயன்படுத்துங்கள்; இயலாவிட்டால் சதகாவாகக் கொடுங்கள். ஒவ்வொரு நிஃமத்தைப் பற்றியும் நாளை நாம் விசாரிக்கப்படுவோம்.