அடிக்கு இவ்வளவு

வடமாநில வயலொன்றில் போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் ரிக் வண்டியைப் பார்த்தால் பதிவெண்ணைக் கவனியுங்கள். டி.என். 34 என்றிருந்தால் அது திருச்செங்கோட்டு வண்டி. மழை குறைந்த, பாறை நிறைந்த இந்த ஊர், நாடு முழுக்க நிலத்தைத் துளைக்கப் போகிறது.

வேலை நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கம்பிரசர் அனுப்பும் காற்று, ராடுகளின் வழியே இறங்கி அடியிலுள்ள சுத்தியலை இயக்குகிறது. சுத்தியல் பாறையை நொறுக்க, அதே காற்று தூளை மேலே தள்ளுகிறது. மேல்மண் சரியாமலிருக்க, பாறை தட்டும்வரை கேசிங் பைப் இறக்குவார்கள். வெளுத்த தூள் பறந்துகொண்டே இருக்கும். அது ஈரமாகிச் சேறாக வந்தால் நிலத்துக்காரர் முகம் மாறும்.

இந்த வேலையைச் செய்தது யார்? வண்டியைப் பலர் பங்கு போட்டு வாங்கியிருப்பார்கள்; கடன் ஒரு பைனான்ஸ்காரருடையது. தேங்காயைக் கையில் வைத்துத் தண்ணீர் உள்ள இடம் என்று குறித்தவர் ஒருவர் (அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அவர் கை காட்டாமல் பல இடங்களில் வண்டியே நிற்காது). விவசாயியை அழைத்துவந்தவர் உள்ளூர் ஏஜென்ட். ராடு மாட்டும் இளைஞர்களில் பலர் வடமாநிலத்தவர். தேய்ந்த துளைமுனையை (பிட்) தீட்டித் தருவது பட்டறைக்காரர்.

ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து கிளம்பிய ஓர் ஆய்வு மரபு இத்தகைய வலைப்பின்னலைத்தான் ஆராய்கிறது. அந்த மரபைச் சேர்ந்த ஹாக்கன்சன், ஸ்னெஹோட்டா இருவரும் 1995இல் வெளியிட்ட நூல் ஆட்கள், வளங்கள், செயல்கள் என மூன்று இழைகளாக அதைப் பிரிக்கிறது. எந்த வளத்துக்கும் தனி மதிப்பு கிடையாது. எதோடு சேர்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கும் என்பது அவர்கள் கட்சி. கம்பிரசர் இல்லாத ரிக் வெறும் இரும்பு. ஏஜென்ட் இல்லாவிட்டால் இரண்டுமே சும்மா நிற்கும் லாரிகள். திட்டமிட்டு யாரும் இதைக் கட்டவில்லை. உறவும் கடனும் வாய்வார்த்தையும் பின்னியது.

பின்னாத இடமும் ஒன்று உண்டு. கூலி அடிக்கு இவ்வளவு என்பதால் துளைக்க எல்லோரும் இருக்கிறார்கள், மூட ஆளில்லை. கைவிட்ட துளைகளை மூட வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு துளையில் விழுந்து இறந்தது.

உங்கள் நிலத்தில் தண்ணீர் வராத போர் இருந்தால், வண்டி கிளம்பும் முன்பே அதை மூடிவிடச் சொல்லுங்கள். அந்தக் கூலியையும் சேர்த்தே பேசி முடியுங்கள்.