கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு அல்லது ஏ.டி.எச்.டி என்பது மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு குறைபாடு ஆகும். கவனத்தை நிலைநிறுத்த இயலாமை, மிகையான இயக்கம், எண்ணிப் பாராமல் செயற்படல் ஆகிய மூன்றும் இதன் முக்கிய இயல்புகள். உலகளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. பலருக்கு வளர்ந்த பின்னரும் இது தொடர்கிறது.

வரலாறு

1902 ஆம் ஆண்டு இலண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய குழந்தைகள் விவரிக்கப்பட்டனர். 1937 இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்து சில குழந்தைகளின் படிப்பையும் நடத்தையையும் மேம்படுத்தியதைப் பதிவு செய்தார். இப்போதைய பெயர் 1987 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது.

அறிகுறிகள்

* பாடத்திலோ வேலையிலோ கவனம் விரைவில் சிதறுதல்
* பொருட்களை அடிக்கடி தொலைத்தல், மறத்தல்
* ஓரிடத்தில் அமர இயலாமை
* கேள்வி முடியுமுன் விடை கூறுதல், தன் முறைக்குக் காத்திருக்க இயலாமை

பெண் குழந்தைகளிடம் மிகையியக்கத்தை விடக் கவனக்குறைவே மிகுதியாகத் தெரிவதால், அவர்கள் "கனவு காண்பவர்கள்" என்று விடப்படுவது உண்டு. பெரியவர்களில் ஓட்டமும் துள்ளலும் குறைந்து, உள்ளூர அமைதியின்மை, காலம் தவறுதல், தொடங்கிய வேலையை முடிக்காமை என இது வெளிப்படும்.

காரணங்கள்

மரபியல் கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. குறைப்பிரசவமும் பிறப்பின்போது எடை குறைந்திருத்தலும் இதன் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பெற்றோரின் வளர்ப்புமுறையோ இனிப்பு உண்பதோ இதற்குக் காரணம் அல்ல.

கண்டறிதல்

இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல், வீடு, பள்ளி போன்ற இரண்டு சூழல்களிலாவது காணப்படவேண்டும். எனவே ஆசிரியரின் கூற்றும் தேவைப்படுகிறது. செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தூக்கமின்மை ஆகியவையும் இதுபோல் தோன்றலாம் என்பதால் அவற்றை முதலில் ஆராய்வர்.

சிகிச்சை

பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளுக்குப் பெற்றோர்க்கான நடத்தைப் பயிற்சியே முதற்படி ஆகும். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல், நற்செயலை உடனே பாராட்டுதல், முன்வரிசையில் அமர்த்துதல் ஆகியன உதவும். அடித்தல் பயன் தராது.

மருந்துகளில் மெத்தைல்பெனிடேட் முதன்மையானது. இது மூளையில் டோபமைன், நார் அட்ரினலின் ஆகியவற்றின் செயற்பாட்டைக் கூட்டுகிறது. பசியின்மை, உறக்கக்குறைவு ஆகியவை பக்கவிளைவுகள். ஆதலால் குழந்தையின் உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவை கண்காணிக்கப்படும். இந்தியாவில் இம்மருந்து கடுமையான சட்டக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. அட்டோமாக்செட்டின் ஊக்க மருந்து வகையைச் சாராதது. மருந்து அறிகுறிகளைக் குறைக்குமே அன்றிக் குறைபாட்டை முற்றாக நீக்காது. பெரியவர்களுக்கு மருந்தோடு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது.

சிகிச்சையின்றி விடப்பட்டால் படிப்பு இடைநிற்றல், விபத்து, மனச்சோர்வு, போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது.

திருச்சிராப்பள்ளியில்

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் 1997 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. மனநல மருத்துவத்தைப் பெரிய மருத்துவமனைகளோடு நிறுத்தாமல் ஊர்ப்புறங்களுக்கும் கொண்டுசெல்வதே இதன் நோக்கம். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கம், மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதி ஆதலால் அங்குள்ள குடும்பங்களுக்கும் இம்மருத்துவமனை எட்டும் தொலைவிலேயே உள்ளது.

மாவட்டத்திலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநலம் பாதிக்கப்பட்டோரை அழைத்துவந்து 48 நாட்கள் தங்கவைக்கும் வழக்கம் உண்டு. வழிபாடு குடும்பத்திற்கு ஆறுதல் தரலாம். ஆயினும் ஏ.டி.எச்.டி மனப்பிறழ்வு அன்று. மருத்துவ மதிப்பீட்டைத் தள்ளிப்போடும்போது குழந்தை இழப்பது திரும்பக் கிடைக்காத பள்ளி ஆண்டுகளை ஆகும்.

2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இக்குறைபாடும் உள்ளது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கும் 21 வகைகளில் இது தனியாக இடம்பெறவில்லை. கற்றல் குறைபாடு இடம்பெற்றுள்ளது. நடுவண் அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 வழியாகத் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.