முதுகு காட்டி முந்தும் பந்தயம்

ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு ஏறியவர்கள் கவனித்திருப்பீர்கள்: துடுப்புப் போடுபவர் முதுகு காட்டும் திசையில்தான் படகு போகும். கல்லூரிப் பெண்கள் மோதும் ரோயிங் போட்டியிலும் அப்படித்தான். டீ ஆறுவதற்குள் அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எட்டுப் பேர் படகை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 17 மீட்டர். அகலமோ ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத்தான். ஆளுக்கு ஒரே துடுப்பு. இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். இருக்கையின் அடியில் சிறு சக்கரங்கள் இருப்பதால் அது முன்னும் பின்னும் ஓடும். காலணிகளைப் படகோடு பொருத்தியிருப்பார்கள். முழங்காலை மடித்து, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, கால்களால் உந்த வேண்டும். பிறகு முதுகு சாயும், கடைசியில்தான் கை இழுக்கும். பார்ப்பவர்கள் கைபலம் என்று நினைப்பார்கள். பெரும்பங்கு தொடைகளுடையது! ஒன்பதாவது ஆள் காக்ஸ். அவர் மட்டும் முன்னே பார்த்து உட்கார்ந்து, சுக்கான் பிடித்து, குரல் கொடுப்பார். தூரம் 2,000 மீட்டர். நல்ல கல்லூரி அணி ஆறரை நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பெண்கள் 1927-இலேயே மோதினார்கள். ஆண்கள் போட்டியிடும் அதே தேம்ஸ் பாதை அவர்களுக்குக் கிடைத்ததோ 2015-இல்தான்.

அமெரிக்காவின் கதை இன்னும் கனமானது. கல்வியில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்று 'டைட்டில் 9' சட்டம் 1972-இல் வந்தது. ஆனாலும் யேல் பல்கலைக்கழகப் படகுத்துறையில் குளியலறை ஆண்களுக்கு மட்டும்தான். பனிக்குளிரில் பயிற்சி முடித்த பெண்கள், ஆண்கள் குளித்து வரும்வரை நனைந்த உடையோடு பேருந்தில் காத்திருந்தார்கள். 1976 மார்ச்சில் அணி வீராங்கனை கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பேர் பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்துக்குள் போய் உடையைக் களைந்து நின்றார்கள். உடம்பில் மையால் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். எர்ன்ஸ்ட் அறிக்கை வாசித்தார். செய்தி நாடெங்கும் பரவியது, குளியலறையும் வந்தது. பெண்கள் ரோயிங் ஒலிம்பிக்கில் நுழைந்ததும் அதே ஆண்டு, மான்ட்ரியலில்.

அந்தச் சட்டத்தின் அழுத்தத்தால்தான் பல கல்லூரிகள் பெண்கள் ரோயிங் அணி தொடங்கின. 1997-இல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பெண்கள் ரோயிங் சாம்பியன்ஷிப் பிறந்தது, முதல் பட்டம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு. இதில் ஒரு படகு மட்டும் ஜெயித்தால் போதாது. எட்டுப் பேர் படகு இரண்டு, நால்வர் படகு ஒன்று, ஆக 23 பெண்கள். மூன்று படகுகளின் புள்ளிகளையும் கூட்டித்தான் பட்டம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மூன்றாவது படகின் பெண்ணையும் கல்லூரி பொறுப்பாக வளர்த்தாக வேண்டுமே!

நம் நாட்டில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் ரோயிங், 2023-இல் கோரக்பூரின் ராம்கர் ஏரியில் நடந்தது. சென்னைக்கு அடையாறும் 1867-இல் பிறந்த மெட்ராஸ் போட் கிளப்பும் உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நேராக 2 கிலோமீட்டர் தண்ணீர் கிடையாது. ஏற்காடு ஏரி உல்லாசப் படகுக்குத்தான் சரி. ஆனால் சேலத்துக்குப் பக்கத்திலேயே மேட்டூர் நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. அமெரிக்க அணிகளில் கல்லூரிக்கு வந்தபிறகே முதன்முதலாகத் துடுப்பைத் தொட்டவர்கள் ஏராளம். சேலத்துக் கல்லூரிப் பெண்ணுக்கும் பதினெட்டு வயது தாமதமில்லை. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். துடுப்புப் பயிற்சி இயந்திரத்தை வகுப்பறை மூலையில்கூடப் போடலாம். கரையில் முதலில் கட்ட வேண்டியது பெண்களுக்கான குளியலறையும் உடை மாற்றும் அறையும். படகை அதற்குப் பிறகு வாங்கலாம்.